மூன்று நாள் இறைத்த கிணறு

எனக்குக் கண்ணாடிச் சாமான் கழுவத் தெரியாது என்று அந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால், செத்தாலும் அந்த ஆளின் முகத்தில் முழித்திருக்க மாட்டேன். அதுதானே என் தொழில்! ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவள் நான். கேட்கப் பெரிய உத்தியோகம். செய்வது என்னவென்றால், பிள்ளைகள் கண்டதையும் ஊற்றிக் கலக்கிவிட்டுப் போன குழாய்களையும் குவளைகளையும் கழுவித் துடைத்து அலுமாரியில் அடுக்குவது. ஒரு குழாய் உடைந்தால், உடைத்த பிள்ளைக்கு என் வாயிலிருந்து கிடைக்கிறது போதும், வீட்டில் தனியாக அடி தேவையில்லை. வாய் கொஞ்சம் நீளம்தான். இப்போதும் குறையவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சண்டை தொடங்கிவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூடம் நடந்தது, பஸ் ஓடியது, சனி ஞாயிறு வந்தது. அந்தச் சனி ஞாயிறுகளில் நாங்கள் நாலு பேர் சைக்கிளில் தீவுகளைச் சுற்றித் தண்ணீர் பரிசோதித்தோம். பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டிலுக்குப் பக்கத்துக் கிணறு, பெயின்ற் கழுவி ஊற்றுகிற வாய்க்கால், எங்கே கழிவு நிலத்துக்குள் இறங்குகிறதோ அங்கே எங்கள் போத்தலும் போகும். யாரும் எங்களைக் கேட்கவில்லை. தீவில் குடிக்கிற தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரிக் கிடக்கிற மெல்லிய ஒரு படை. அதில் நஞ்சு விழுந்தால் தோண்டி எடுக்க வேறு தண்ணீர் கிடையாது. அது தெரிந்தபிறகு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை.

ஊருக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. "நாடு பத்தி எரியுது, இவை கிணத்துக்கை சொட்டுமருந்து விட்டுக்கொண்டு திரியினம்" என்று அல்லைப்பிட்டியில் ஒரு மனுசன் எங்கள் காதில் விழவே சொன்னார். "தண்ணி குடிக்காமலோ நாடு பிடிக்கப் போறியள்?" என்று நானும் சைக்கிளை நிறுத்திக் கேட்டேன். மற்ற மூன்று பேரும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

எங்களில் மூத்தவர் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை. அவருக்கு ஒரு நாள் நெடுந்தீவிலிருந்து கடிதம் வந்தது. கொப்பித் தாளில், கோட்டை விட்டு விலகாத எழுத்தில், ஒரு பெண் எழுதியிருந்தார். கடற்பாசி அவித்து வெளிநாட்டுக்கு அனுப்பவென்று கொழும்பிலிருந்து வந்த கம்பனி ஒன்று, எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு கொட்டிலைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டதாம். பாசி அவிக்கப் பாவித்த கோஸ்டிக் சோடா இரும்புப் பீப்பாக்களோடு உள்ளேயே கிடக்கிறதாம். பீப்பாக்கள் கறள் பிடித்து ஒழுகத் தொடங்கிவிட்டனவாம். கொட்டிலுக்குப் பின்னால் குழியில் தேங்கிய தண்ணீரைக் குடித்த அவருடைய இரண்டு ஆடுகளும் வாய் வெந்து செத்துப்போயின. "எங்கட கிணறு கிட்டத்தான் இருக்குது. நாற்பது வீட்டுச் சனம் அதிலைதான் குடிக்குது. வந்து பார்த்துச் சொன்னால் புண்ணியமாய்ப் போகும்" என்று முடித்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை விடிய அண்ணையும் நானும் குறிகட்டுவானில் படகேறினோம். என்னிடம் ஒரு மாற்றுடுப்பு, ஆறு போத்தல், இரண்டு சோதனைக் குழாய், பினோப்தலீன் என்கிற மருந்து அரைக்குப்பி. இந்த மருந்து நல்ல தண்ணீரில் நிறமே காட்டாது. காரம் கலந்த தண்ணீர் என்றால் சொட்டு விழுந்தவுடன் ரோசாப்பூ நிறம் வரும். கோஸ்டிக் சோடா சுத்தமான காரம். ஆகவே வேலை சுலபம். கடல் தூக்கி எறிந்ததில் ஒரு குழாய் பைக்குள்ளேயே நொறுங்கியது. "ஒண்டு காணும். ஒரு நாள் வேலைதானே" என்றார் அண்ணை.

ஒரு நாள் வேலை! நாற்பத்தொரு நாள் நான் அந்தத் தீவில் கிடந்தேன்.

கடிதம் எழுதியவரே துறைக்கு வந்து நின்றார். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். மெலிந்த ஆள், கதை குறைவு. அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கணவர் கப்பலுக்குப் போனவர், இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. சின்னப் பெண்பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். கிணறு அவருடைய சீதனக் காணிக்குள் இருந்தது. முருகைக்கல்லால் கட்டி, ஏற்றம் மாதிரித் துலாப் போட்ட கிணறு. யார் வந்தாலும் தங்கள் கையால் அள்ளிக்கொண்டு போகலாம் என்று விட்டிருந்தார். எந்தச் சாதிக்காரர் என்று பார்ப்பதில்லை. தீவில் அது சின்ன விசயம் இல்லை. காலையிலும் பின்னேரத்திலும் அந்த முற்றம் பெண்களால் நிறைந்து கிடக்கும். குடங்கள் இடிபடுகிற சத்தமும், ஊர்வம்பும், சிரிப்பும். அக்கா ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு இருந்த சந்தோசமும் மரியாதையும் அந்தக் கிணற்றடிதான்.

முதலில் கொட்டிலடிக் குழிக்குப் போனோம். குழியில் அள்ளி ஒரு சொட்டு விட்டதுதான் தாமதம், குழாய் முழுக்கக் கடும் ரோசா நிறம். "அட கோதாரி!" என்றேன். கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு தோட்டக்காணி அகலம்தான் இருந்தது. குழியிலும் குடிக்க ஏலாத பக்கத்து உவர்க்கிணறுகளிலும் அக்காவின் கிணற்றிலும் போத்தல்களை நிரப்பி மூடி முத்திரை வைத்தோம். அதற்குள் பின்னேரப் படகு வந்துவிட்டது. போத்தல்களோடு அண்ணை கிளம்பினார். மிச்சக் கிணறுகளைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வருவதாக நான் நின்றேன்.

"கிணத்துத் தண்ணியை நாளைக்குக் காலமை நீர் பாரும். ஆனால் இது குழியிலை விட்ட குழாய். வடிவாய்க் கழுவிப்போட்டுப் பாரும்" என்றார் அண்ணை, படகில் ஒரு காலை வைத்துக்கொண்டு.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கழுவிறதையோ எனக்குச் சொல்லித் தாறியள்? போங்கோ, போங்கோ!"

அக்கா வீட்டில் சவுக்காரம் இல்லை. கடைக்கு வந்தே ஒரு மாதம் என்றார்கள். குசினிக்குள் போய் அடுப்படியில் ஒரு பிடி சாம்பல் எடுத்தேன். கொஞ்சம் தும்பும் எடுத்து ஈர்க்கில் சுற்றிக் குழாய்க்குள் விட்டுத் தேய்த்தேன். அக்கா ஒரு சிரட்டைத் தண்ணீர் தந்தார். கோடைகாலம். வீட்டுக்கு இத்தனை வாளி என்று கிணற்றடியில் முறை வைத்திருந்தார்கள். கிணற்றுக்காரி என்று அக்கா ஒரு வாளி கூட எடுக்க மாட்டார். சிரட்டைத் தண்ணீரை இரண்டு பங்காக்கி இரண்டு தரம் அலசி ஊற்றினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. எங்கள் வீட்டு விளக்குச் சிமினியே அவ்வளவு துப்பரவாக வந்ததில்லை.

ஞாயிறு காலை, கிணற்றடியில் சனம் போனபிறகு, வாளியிலிருந்து அள்ளி ஒரு சொட்டு விட்டேன். ரோசா நிறம். குழியில் வந்த மாதிரி இல்லை, மெல்லிய நிறம், ஆனாலும் ரோசாதான். ஊற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். வந்தது, ஆனால் முதல் வந்ததைவிட மங்கல். அந்த மங்கலை நான் கவனித்தேன் என்பதை எழுதியே ஆகவேண்டும். கவனித்தேன். மருந்து பழசு, குப்பியின் அடி, அதுதான் மங்குகிறது என்று நானே எனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன். பிறகு தூரத்துக் கிணறுகள் இரண்டில் பார்த்தேன். நிறமே வரவில்லை. அதோடு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கெட்டது அக்காவின் கிணறுதான்.

மத்தியானம் பையோடு துறைக்குப் போனேன். படகு இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. கடற்படை மறித்துவிட்டதாம், குறிகட்டுவானிலிருந்து ஒரு படகும் வெளிக்கிடக் கூடாதாம், மீன்பிடி வள்ளம்கூடக் கரையை விட்டுப் போகக் கூடாதாம். எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் துறையில் நின்றவர்கள் கையை விரித்தார்கள். தூரத்தில் சாம்பல் நிறப் படகு ஒன்று அசையாமல் நின்றது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்தேன். சுற்றிவரக் கடல், ஒரு வாய் குடிக்க ஏலாத கடல். எனக்கு அழுகை வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபமும் வந்தது.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் இந்தச் சனம் தண்ணீருக்கு எங்கே போகும்? சொல்லாவிட்டால் என் கண் முன்னால் குடிக்கும். நானும்தான் குடித்தேன். தாகத்துக்கு ஏது மருந்து? கிளாஸை வாயில் வைக்கிற நேரமெல்லாம் அந்த நிறம் கண்ணுக்குள் வந்தது. அக்காவின் சின்னப் பிள்ளை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேல்மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தபோது, இனி ஏலாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "நான்தானே பிள்ளை உங்களைக் கூப்பிட்டனான். சொல்லும். எல்லாருக்கும் சொல்லும்" என்றார்.

அன்று பின்னேரம் சனம் கிணற்றடியில் கூடியது. கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன், மூன்றாந்தரம் விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விசயத்தைச் சொன்னேன். பெண்கள் தலையில் கை வைத்தார்கள். கிணறு பழுதானால் தீவில் செய்வது ஒன்றுதான்: இறைப்பது. பாம்பு விழுந்தாலும் இறைப்பார்கள், பாசி பிடித்தாலும் இறைப்பார்கள். அடிமட்டும் இறைத்து, சேறு வாரி, புது ஊற்று வரவிட்டால் சரி.

"மூண்டு நாள் விடாமல் இறைச்சால் பழந்தண்ணி முழுக்கப் போயிடும். என்ன சொல்லுறியள் டீச்சர்?" என்று தலைவர் கேட்டார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குழாய் கழுவத் தெரியும், நிறம் பார்க்கத் தெரியும். நிலத்துக்குக் கீழே தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? ஆனால் கதிரையில் இருந்த டீச்சருக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம், இறையுங்கோ. அதுதான் சரி" என்றேன்.

இறைத்தார்கள். இறைக்கிற மிசினுக்கு எண்ணெய் இல்லை. துலாவில் இரண்டு பேர் ஏறி நடக்க, கீழே ஒருவர் தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடித்து ஊற்ற, மாறி மாறி மூன்று நாள். பெண்கள் வாளியும் கயிறுமாக மற்றப் பக்கம் நின்று அள்ளினோம். அக்கா ஒரு நேரமும் ஓயவில்லை. உள்ளங்கை தோலுரிந்து துணி சுற்றிக்கொண்டு இழுத்தார். தண்ணீரெல்லாம் வேலியோரம் ஓடி, காய்ந்த நிலம் உறிஞ்சிக் குடித்தது. பிள்ளைகள் அந்த வெள்ளத்தில் குதித்து விளையாடினார்கள். தீவில் தண்ணீர் ஓடி யார் பார்த்தது? ஒரு கிழவர் அதைப் பார்க்க ஏலாமல் எழும்பிப் போய்விட்டார். எனக்கோ சந்தோசம். நோயைக் கண்டுபிடித்தவளும் நான், மருந்து சொன்னவளும் நான்.

நாலாம் நாள் புதுத் தண்ணீர் ஊறி நின்றது. கண்ணாடி மாதிரித் தெளிவு. ஒரு கிளாஸில் அள்ளி, குப்பியில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டுகளை விட்டேன். குழியில் வந்த அதே கடும் ரோசா. சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. தலைவர் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்து, "சவுக்காரம் மாதிரி வழுக்குது" என்றார். பிறகு ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வராட்டில் இதைத்தானே தாயே குடிச்சுக் குடிச்சுச் செத்திருப்பம்" என்று அழுதார். நானும் அழுதேன். ஆனால் உள்ளே ஒரு மூலையில், பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாய்ப் போச்சு என்ற எண்ணம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும் போல வருகிறது.

கிணற்றுக்கு மேல் பனங்குற்றிகளைப் போட்டு முள் அடுக்கி மூடினார்கள். குடிதண்ணீர் இனி இரண்டு மைல் தள்ளி, தீவின் மற்றப் பக்கத்துக் கிணற்றில். அதிலும் கொஞ்சம் உவர்ப்பு. அந்தக் கிணற்றில் எல்லோரும் அள்ள முடியாது. எங்கள் பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். அக்காவின் கிணற்றில் தங்கள் கையால் அள்ளியவர்கள். நானும் குடத்தோடு போய் அந்த வரிசையைப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்காமல் கிணற்றுக்காரரோடு சண்டைக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரும் பிள்ளை. நீர் பேசிப்போட்டுப் படகேறிப் போயிடுவீர். நாளைக்கும் இவை இஞ்சைதான் வரவேணும்" என்றார்.

படகேறிப் போயிடுவீர்! எங்கே படகு? ஒவ்வொரு காலையும் துறைக்குப் போனேன், ஒவ்வொரு மத்தியானமும் திரும்பி வந்தேன். அக்காவின் உடுப்பைப் போட்டேன், அக்காவின் அரிசியைத் தின்றேன். அம்மாவுக்கு நான் உயிரோடு இருக்கிறேனா என்றே தெரியாது. மேலே ஹெலி சுற்றும்போது வீட்டுக்குள் ஓடி ஒளிவோம். அது போனபிறகு வெளியே வந்து அதே கடலைப் பார்ப்போம். தீவை எட்டு நடையில் நடந்து முடித்துவிடலாம் போல இருந்தது. எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் கடல் வந்து முகத்தில் இடித்தது. ஒரு நாள் குசினிக்குள் இருந்து காரணமே இல்லாமல் கத்தினேன். அக்கா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

வீட்டின் சத்தமும் செத்துப்போனது. கிணற்றடிக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. பின்னேரங்களில் அக்கா பழக்கத்தில் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கப் போய், தெளிக்கத் தண்ணீர் இல்லாததை நினைத்து நிற்பார். யாரும் வராத முற்றத்தில் துலா ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது.

எனக்கு மட்டும் மரியாதை கூடிக்கொண்டே போனது. கோழி முட்டையிட்டால் ஒன்று டீச்சருக்கு. சனம் இருக்கிற தண்ணீரில் எனக்கென்று ஒரு செம்பு. நாள் போகப் போகக் கிணற்றில் வழுக்கல் குறைந்தது. இரண்டு மைல் நடந்து களைத்தவர்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். "இப்ப பாக்க நல்லாய்த்தானே இருக்குது டீச்சர், குடிக்கலாமோ?" என்னிடம் மருந்து ஒரு சொட்டும் இல்லை. "ஒரு மிடறும் கூடாது! குடல் வெந்து சாவியள்" என்று கத்துவேன். ஒரு நாள் ஒருவர் முள்ளை விலக்கி வாளி விட்டதைக் கண்டு, நான் போட்ட சத்தத்தில் அவர் வாளியை விட்டுவிட்டே ஓடினார். என் வாய் ஒன்றுதான் அந்தக் கிணற்றுக்கு மூடி.

இரண்டாம் கிழமையில் ஒரு மீனவர் உயிரைப் பணயம் வைத்துப் புங்குடுதீவுப் பக்கம் போனார். அவரிடம் அண்ணைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தேன். கிணறு பழுது என்று நான் கண்டுபிடித்ததையும், இறைத்ததையும், நிறம் இன்னும் கூடியதையும் பெருமையாக எழுதியிருந்தேன். முப்பத்தைந்தாம் நாளோ என்னவோ, அதே மீனவர் வேட்டி மடிப்புக்குள் வைத்துப் பதில் கொண்டுவந்தார்.

அண்ணை சுருக்கமாக எழுதுகிறவர். நாங்கள் வந்த அன்று அந்தக் கிணற்றில் எடுத்த போத்தலை இரண்டு ஆய்வுகூடத்தில் பார்த்தோம், நல்ல தண்ணீர், காரம் துளியும் இல்லை. இறைத்தது பிழை. கிணற்றை வெறுமையாக்கினால் சுற்றிவர உள்ள தண்ணீர் அதற்குள் ஓடிவரும், கொட்டிலடித் தண்ணீரும் சேர்ந்து வந்திருக்கும். இப்போது யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கடைசி வரி இது: "முதல் நாள் நீர் கண்ட சிவப்பு எப்பிடி வந்ததெண்டுதான் விளங்கேல்லை. குழாயை என்னத்தாலை கழுவினீர்?"

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். உள்ளே அக்கா குந்தியிருந்து பானை தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிரட்டையில் சாம்பல். சாம்பல் தண்ணீர் காரம் என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை வகுப்புக்கு என் கையால் சாம்பல் கரைத்து, வடித்து, மருந்து விட்டு, "பாருங்கோ பிள்ளையள், சிவக்குது" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! முதல் தரம் நிறம் வந்தது, இரண்டாம் தரம் மங்கியது, குழாய் அலசுப்பட்டபிறகு மற்றக் கிணறுகளில் வரவேயில்லை. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

நாலு நாள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். சனம் தந்த முட்டையை அக்காவின் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில், நாளை நாளன்றைக்குப் படகு விடப் போகிறார்களாம் என்று கதை வந்தது. சனத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போவது என்று முடிவெடுத்தேன். முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும். அடுப்படியில் வைத்துச் சொன்னேன். சாம்பலையும் சொன்னேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப, அண்டைக்கு அது நல்ல தண்ணியோ?"

"ஓம் அக்கா."

"மூண்டு நாளும் நாங்கள் இறைச்சு ஊத்தினது?"

"நல்ல தண்ணி."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் ஆறி வடு விழுந்திருந்தது. என்னை ஏசுவார், அடிப்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் எவ்வளவோ நல்லது.

"பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லப் போறன். மன்னிப்புக் கேக்கப் போறன்" என்றேன்.

"சொல்லாதையும்" என்றார் அக்கா.

"ஏனக்கா? என்ரை பிழைதானே!"

"ஓம், உம்மடை பிழைதான்." அவருடைய குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஆனால் இப்ப அந்தத் தண்ணியிலை நஞ்சு இருக்குதோ இல்லையோ?"

"இருக்கு."

"உம்மடை வாய்க்குப் பயந்துதான் ஒருத்தரும் வாளி விடாமல் இருக்கினம். அண்டைக்கு நீர் பாத்தது பிழையெண்டு தெரிஞ்சால், இண்டைக்கு நீர் சொல்லுறதையும் ஆர் நம்புவினம்? ரண்டு மைல் நடக்கிற சனம், நாளைக்குக் காலமையே முள்ளைத் தூக்கி எறிஞ்சுபோட்டுக் குடிக்கும். என்ரை கிணத்திலை குடிச்சுச் சாக விடமாட்டன். நீர் மன்னிப்புக் கேட்டு மனம் ஆறிப் போறதுக்கு அந்தச் சனம் சாகவேணுமோ?"

என் வாயும் அன்று அடங்கியது.

"நீர் டீச்சராகவே போம். நான் இஞ்சை பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டு அக்கா பானையைத் திரும்ப எடுத்தார்.

படகு வந்த நாளில் அந்தப் பக்கத்துச் சனம் முழுக்கத் துறைக்கு வந்தது. தலைவர் என் பையைச் சுமந்து வந்தார். கதைக்கச் சொன்னார்கள், ஏலாது என்று தலையாட்டினேன். பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழுத அதே பெண், தூரத்துக் கிணற்றில் தள்ளி நின்று வாங்கி வந்த தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி, வழியில் குடிக்கச் சொல்லித் தந்தார். வாங்கினேன். வாங்காமல் விட எனக்கு என்ன காரணம் சொல்ல இருந்தது?

அக்கா எல்லோருக்கும் பின்னால் நின்றார். நான் படகில் ஏறியபிறகு முன்னே வந்து, சின்னத் துணிப்பொட்டலம் ஒன்றை நீட்டினார். அவிழ்த்துப் பார்த்தேன். என் சோதனைக் குழாய். அவசரத்தில் குசினி யன்னலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"ஒரு குடம் தண்ணி முழுக்க விட்டு அலசினனான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "சாம்பல் போடேல்லை."